தொண்ணூற்றெட்டு

கல்லூரி நாடகப் போட்டிகளில் நடுவர்களை எடுத்துவிட்டுக் கருவியை வைத்து மூன்று வருடமாகிறது. மேடையில் அழுபவர் நிஜமாகவே அழுகிறாரா என்று பார்த்து அது நூற்றுக்கு மதிப்பெண் போடும். போன வருடம் நவநீதன் இயக்கிய நாடகத்துக்குப் பதினொன்று. அது அவன் தொண்டையில் முள்ளாகவே நின்றது.

இந்த வருடமும் மேடையேறுமுன் எல்லோருடைய போனையும் வழக்கம்போல் அவன்தான் வாங்கி வைத்தான். கதாநாயகி இலக்கியாவின் போன் அடித்தது. அவள் அண்ணன்.

"அப்பா போயிட்டாருப்பா. அவளை உடனே கிளம்பி வரச் சொல்லு."

"சொல்றேன்ணே," என்றான் நவநீதன். சொல்லவில்லை.

மூன்றாம் காட்சியில் அவளுக்குத் தந்தையின் சாவுச் செய்தி கொண்டுவரும் பக்கத்து வீட்டுக்காரன் வேடம் அவனுக்கு. வசனத்தை விட்டுவிட்டு அவள் காதருகே குனிந்தான்.

"இலக்கியா, இது நாடகமில்ல. உங்கப்பா நெஜமாவே போயிட்டாரு. உங்கண்ணன் போன் பண்ணாரு."

அவள் அலறிய அலறலில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. திரையில் தொண்ணூற்றெட்டு மின்னியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவளைப் போனில் கூப்பிட்டான்.

"மாசக் கடைசியில ஃபைனல்ஸ். நீதான் நடிக்கணும்," என்றவன், குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்: "அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கீங்களாமே, டாக்டர் என்ன சொல்றாரு?"