டெல்பர்ட்டின் தாள்

"இன்னிக்கும் குறி தப்பினா உங்கப்பா துப்பாக்கிய வித்துடுவேன்" என்று டெக்சாஸ் சுடுதளத்துக்கு வரும் வழியெல்லாம் டெல்பர்ட் சொல்லிக்கொண்டே வந்தான். வெர்னாவுக்கு அவள் அப்பா விட்டுப்போனது அந்தச் சின்னக் கைத்துப்பாக்கி ஒன்றுதான்.

புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எதிரே ஆள் உருவம் வரைந்த குறித்தாள், ஆளுக்கொன்று.

"வீட்டுக்குள்ள வர்ற திருடன் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்கமாட்டான். படபடன்னு சுடணும். என் தாளையே பாரு, கண்ண எடுக்காத. அப்பதான் உனக்குப் படியும்."

வெர்னா தலையாட்டினாள். இருவரும் சுட்டுத் தீர்த்தார்கள்.

மேற்பார்வையாளர் ஹோமர் தாள்களைக் கழற்றிக்கொண்டு வந்தார். வெர்னாவின் தாளில் ஒரு கீறல்கூட இல்லை. டெல்பர்ட்டின் தாளில் நெஞ்சுக்கு நேராக, ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் அத்தனை ஓட்டைகளும் இருந்தன.

"பாத்தியாடி! இதுக்குப் பேருதான் சுடறது. வித்துடலாமா?"

ஹோமர் டெல்பர்ட்டின் பெரிய துப்பாக்கிக்கான தடித்த தோட்டா ஒன்றை எடுத்து ஓட்டைகளில் வைத்துப் பார்த்தார். எதிலும் நுழையவில்லை. வெர்னாவின் சின்னத் தோட்டா எல்லாவற்றிலும் கச்சிதமாக நுழைந்தது.

"உங்க குண்டெல்லாம் பின்னாடி மண்மேட்டுல இருக்கு, தம்பி."

"என் தாள ஏண்டி சுட்ட?"

"நீதானே கண்ண எடுக்காதன்ன?" என்றாள் வெர்னா. "சரி, எந்தத் துப்பாக்கிய விக்கலாம்?"