ஊறிய விரல்

ஐந்தருவி வாசலில் சாரல் நூல் நூலாக விழுகிறது. எண்ணெய்க் கடையின் தகரக் கூரைக்கடியில், லேப்டாப்பைத் துப்பட்டாவால் போர்த்தி மடியில் வைத்திருக்கிறாள் காளீஸ்வரி. லாட்ஜில் அறை பதிந்தவர்களுக்கு மெயில் அனுப்பும் புரோகிராம் அவள் எழுதியது. காலையிலிருந்து ஒரு மெயில்கூடப் போகவில்லை. பழைய பாஸ்வேர்ட் இனிச் செல்லாதாம். புரோகிராமுக்கென்று தனியாக ஒன்று வாங்க வேண்டுமாம். அதற்கான ஓ.டி.பி. லாட்ஜ் முதலாளியின் செல்போனுக்குத்தான் வரும். மெயில் வராமல் பாதி வழியில் பஸ்ஸில் இருப்பவர்கள், ரூம் உண்டா இல்லையா என்று போனில் அவளைத்தான் கேட்கிறார்கள். "இந்தா வந்துரும் சார்" என்று சொல்லிச் சொல்லியே அவள் குரல் தேய்ந்துவிட்டது.

முதலாளி சிவனணைந்தபெருமாள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, பாலித்தீன் பையிலிருந்து செல்போனை எடுத்துக் கட்டைவிரலை வைக்கிறார். திறக்கவில்லை. விரல் நுனி வெளுத்து, ஊறிச் சுருங்கியிருக்கிறது. "லாக் நம்பரப் போட்டுத் தொறங்க அண்ணாச்சி" என்கிறாள். "அது மவ வச்சது தாயி. அவ வகுப்புல இருக்கா, போன எடுக்க மாட்டா. எனக்கு வெரலு மட்டுந்தான் தெரியும்." கடைக்காரர் கேட்காமலே துண்டை நீட்டுகிறார். அருவிக்குப் போகிறவர்கள் "வாங்க அண்ணாச்சி" என்று ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அவர் விரலைத் துடைக்கிறார், ஊதுகிறார், மறுபடி வைக்கிறார். செல்போன் திறக்காமல் ஒரு தரம் அதிர்ந்து அடங்குகிறது. காளீஸ்வரியின் போன் திரும்பவும் அடிக்கிறது, அவள் எடுக்கவில்லை. அவர் தன் செல்போனை முகத்தருகே கொண்டுபோய்த் தணிந்த குரலில் சொல்கிறார்: "நாந்தாம்லே."