முதல் நாளே சொல்லாத அக்கா

"பாஸ் இல்லை தம்பி."

"இன்னிக்குமா அக்கா?"

திங்கட்கிழமையிலிருந்து இதே பாட்டு.

ஆஸ்பத்திரி ஒன்றின் வலைப்பக்கம். அதில் 'டாக்டரைப் பார்க்க' என்று நீல எழுத்தில் ஒரு வரி. அமுக்கினால் முன்பதிவு. செய்தவன் மாப்பிள்ளை. புதுசாகக் கல்யாணம் ஆனவன், ஆபீசில் அதுதான் பெயர்.

சோதிப்பது அக்கா. கண் பார்வை கிடையாது. மவுஸைத் தொடமாட்டாள். டேப் விசையைத் தட்டித் தட்டி நகருவாள். கம்ப்யூட்டர் காதில் வாசிக்கும்.

திங்கள், "டேப் தட்டினா உன் வரியைத் தாண்டிக் குதிக்குது" என்றாள். சரிசெய்தான்.

செவ்வாய், "இப்ப நிக்குது. ஆனா லிங்க்னு சொல்லலை. வெறும் எழுத்துன்னு நினைச்சுப் போயிடுவேன்." அதையும் செய்தான்.

இன்று, "லிங்க்னு சொல்லுது. என்டர் தட்டினா கல்லு மாதிரி கிடக்குது."

பக்கம் பாஸானால் வேலை நிரந்தரம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான். மாமனார் தினமும் போன். "என்ன மாப்பிள்ளை, ஆச்சா?"

மறுநாள் காலை எதையோ படித்துவிட்டு நேரே அக்காவிடம் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"நான் போட்டது லிங்க் மாதிரி வேஷம் கட்டின வெத்துப் பெட்டி. நிஜ லிங்க்கையே போட்டிருந்தா எல்லாம் தானா வந்திருக்கும். ஒரே வரி!"

"ஆமா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா? என் பொழைப்புல விளையாடறீங்களே!"

மேசை வரிசையே திரும்பிப் பார்த்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றினாள்.

"கத்தாதே. கம்பெனிக்குப் புது வேலை ஒண்ணு இப்பதான் கையெழுத்தாச்சு. அதுல உன்னைப் போட்டிருக்காங்க. போய் அந்த வரியை மாத்து, பாஸ் பண்றேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உன்கூடச் சேர்ந்தாங்களே ரெண்டு பேர், எங்கே?"

"வெளியில நல்ல வேலை கிடைச்சுப் போயிட்டாங்கன்னு மேனேஜர் சொன்னாரே."

"அவர் வேற என்ன சொல்வார்? அவங்க பக்கம் பாஸாச்சு, கையில வேற வேலை இல்லைன்னு அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டார்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ரெண்டு பேருக்கும் நான் முதல் நாளே சொல்லித் தொலைச்சேன் தம்பி."