மங்கம்மாள் தங்கிய படகு

"இன்னா மங்கம்மா, மெட்ராஸ்ல பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு கை காய்ச்சுப் போச்சா?"

ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் மளிகைக் கடை சேட்டு கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மனைவிக்குப் பின்னால் புளி மூட்டையோடு நின்ற மாதையன் தலையைக் குனிந்துகொண்டான்.

இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் கொஞ்ச நாளாக அவன் சந்தைப் பக்கமே வரவில்லை.

மலைப்பாதைக்கு அளவெடுக்க முன்பு மனைவியோடு வந்து தங்கியிருந்த எஞ்சினியர் ஆதிநாராயணன், பிறகு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பாய்மரப் படகு ஒன்று கட்டிக்கொண்டார். பெண்டாட்டி பிள்ளையோடு அதிலேயே குடித்தனம். படகு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததும் மலைக்கு ஆள் அனுப்பி மங்கம்மாளை அழைத்துப் போனார். வேலைக்காரி கிடைக்காமல் திண்டாடியிருப்பார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

மாதையனுக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம். அவள் திரும்பி வந்த பிறகும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மங்கம்மாளோ நிமிர்ந்து நின்றாள்.

"பாத்திரமா? கை வைக்கவே வுடலண்ணே. உக்காரு, ஊரைப் பாருன்னாங்க. பாத்தேன்."

"நாங்க பாக்காத மெட்ராஸா?"

"நீங்க பஸ்ல போயி தெருத் தெருவாப் பாத்திருப்பீங்க. நான் தண்ணி மேல உக்காந்து மொத்தமாப் பாத்தேன். காலையில கடல் பக்கமிருந்து வெயில் அடிக்கிறப்போ ஐகோர்ட்டுக் கோபுரமெல்லாம் செவசெவன்னு எழுந்து நிக்கும் பாருங்க, ரெண்டு கண்ணு போதாது."

கூட்டம் கொஞ்சம் நெருங்கி வந்தது.

"தினமும் குட்டிப் படகுல கரைக்குப் போவோம். ஒரு நாளு மூர் மார்க்கெட்டு, ஒரு நாளு கொத்தவால் சாவடி. கலங்கரை விளக்கத்துல லிஃப்ட்டு வெச்சிருக்காங்க. ஏறி மேலருந்து எட்டிப் பாத்தா, நம்ம மலையிலருந்து கீழ பாக்கற மாதிரியேதான் இருந்துச்சு. இதுக்குப் போயி டிக்கெட்டு வாங்கறாங்க!"

இந்த முறை எல்லோரும் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். கடை வாசலில் சாமான் வாங்க வந்தவர்கள்கூட வாங்காமல் கதை கேட்டு நின்றது சேட்டுக்குப் பொறுக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். ராத்திரி எங்க படுத்தே? மூலையில சாக்கு விரிச்சா?"

"படகுல நல்ல அறை ஒண்ணே ஒண்ணுதான். அது எனக்கு. அவங்க மேல்தட்டுல படுத்தாங்க. மொத நாளு படகு ஆடுன ஆட்டத்துல எனக்கு ஒரே வாந்தி. அந்தம்மாவே தொடைச்சு வுட்டாங்க."

"புளுகறதுக்கும் ஒரு அளவு வேணும் மங்கம்மா!"

"இன்னும் கேளுங்கண்ணே. துறைமுகத்துல என் பேரு தெரியாத ஆளே கிடையாது. காக்கிச் சட்டை போட்ட ஆபீசரு கரையில நின்னு, சத்தம் பெருசாக் கேக்கற குழாய்ல வாயை வெச்சு, 'மங்கம்மாள்! மங்கம்மாள்!'னு கூப்புடுவாரு."

சந்தையே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு எழுந்தது. மாதையனுக்குக் காது சுட்டது. இவ்வளவு நேரம் பாதியாவது நம்பியிருந்தான். இது பச்சைப் பொய். மெட்ராஸ் ஆபீசர் எதற்காக இவளைக் கூப்பிடப் போகிறார்? அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

"போதும் வா, வூட்டுக்குப் போலாம்."

"இரு" என்றாள் அவள்.

சேட்டு விடவில்லை. "எப்பவோ அந்தம்மாவுக்கு ஒரு பிரசவம் பாத்தே. பாவம், ரெண்டு வேளை சோறு போட்டுப் பாத்திரம் தேய்க்க வெச்சாங்க. அதைச் சொல்லிட்டுப் போயேன்."

மாதையன் புளி மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டான்.

"ஒரு பிரசவமா? மழையில ஓடை பெருகி ஜீப்பு அந்தாண்டயே நின்னுபோச்சு, தெரியுமா? கொழந்தை பொறந்தும் அந்தம்மாவுக்கு ரத்தம் நிக்கல. டாக்டரு வந்து சேர்ற வரைக்கும் வயித்தை அமுக்கிப் புடிச்சிக்கினு, கண்ணை மூடவுடாம பேச்சுக் குடுத்துக்கினே உக்காந்திருந்தா இவ. ரெண்டு உசுரு இவ கையில நின்னுது. பாத்திரம் தேய்ச்சாத் தேய்ச்சுட்டுப் போறா! அதுல எனக்கு இன்னா கேவலம்?"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. மங்கம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதேயில்லை. கண் கலங்கியதை மறைக்காமல் மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள்.

"வூட்ல நீ கேப்பே, காட்டலாம்னுதான் வெச்சிருந்தேன். நீ கேக்கவேயில்ல."

போட்டோவில் விரித்த பாயோடு ஒரு வெள்ளைப் படகு. அதன் பின்தட்டில் எஞ்சினியருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில், நாற்காலியில் மங்கம்மாள்.

"சேட்டு அண்ணே, உங்களுக்குத்தான் இங்கிலீசு படிக்கத் தெரியுமே. படகு மேல அதோட பேரு எழுதியிருக்குது. எங்க வூட்டுக்காரருக்குக் கேக்கற மாதிரி கொஞ்சம் சத்தமாப் படிங்க."

சேட்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டினான். பாதியில் அவன் குரல் இறங்கிவிட்டது.

"எம்... ஏ... என்... ஜி... மங்... மங்கம்மாள்!"