பதினோரு வருஷம் தாங்கும் தொட்டி

நர்சரியின் பச்சை வலைக்கு அடியில் மதிய வெயில் பாசி பிடித்த தண்ணீர் போல் கிடக்கிறது. பெரியவர் மகளுடைய ஆர்க்கிட் செடியை மார்போடு அணைத்தபடி தொட்டிகளுக்கு நடுவே நிற்கிறார். செடி பக்கவாட்டில் பரவிப் பரவி, பழைய தொட்டியின் விளிம்பைத் தாண்டி வேர்களைக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது. "மரக்கூடை அழகா இருக்கும் ஐயா, ஆனா நாலு வருஷத்துல உளுத்துடும்," என்கிறாள் கடைக்காரப் பெண். "சும்மா சும்மா மாத்தினா செடி தாங்காது. எத்தனை வருஷத்துக்குப் பாக்குறீங்க?" "பதினோரு வருஷம்." அவள் சிரித்துவிடுகிறாள். "அதென்ன, அளந்து வச்ச மாதிரி சொல்றீங்க?" அவர் செருப்பு முனையால் ஒரு கரித்துண்டை நகர்த்துகிறார். "என் பொண்ணோட செடிம்மா. இன்னைக்குக் காலையிலதான் கோர்ட்ல தீர்ப்பு சொன்னாங்க. அவ வெளியே வரும்போது இது இருக்கணும்." சிரிப்பு அவள் முகத்திலேயே காய்ந்துபோகிறது. பக்கமெல்லாம் துளையிட்ட அகலமான மண்தொட்டி ஒன்றை இழுத்து வருகிறாள். மக்கிப்போகாத கரியும் ஓட்டுத்துண்டும் நிரப்பி, செடியை வாங்கி அதன் முற்றிய பக்கத்தை ஓரமாக ஒட்டவைத்து, புதுத்தளிர் பரவ எதிர்ப்பக்கம் முழுவதையும் காலியாக விடுகிறாள். பிறகு கைப்பழக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் பட்டையில் இன்றைய தேதியை எழுதி ஓரத்தில் செருகுகிறாள். "எப்ப மாத்தினோம்னு மறந்துடக் கூடாதுல்ல." பெரியவர் குனிந்து அதை உருவுகிறார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார், மை போகவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். "இந்தத் தேதி எனக்கு மறக்காதும்மா," என்கிறார்.