நாற்பத்திரண்டாவது சர்வர்

காலை ஏழு மணியிலிருந்து ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சர்வர்களில் நாற்பத்தொன்றை அவள் நிறுத்தி எழுப்பிவிட்டாள். கழுத்து மரக்கட்டையாகியிருந்தது. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக் கிடந்தது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஓட்டை கெர்னலில். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிறு அது. சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவனும் அந்த ஓட்டைக்குள் கைவிட்டால் மொத்த சர்வருக்கும் எஜமானாகிவிடலாம். திருத்தம் வந்து பத்தொன்பது நாளாகிறது. அதைப் போட்டால் மட்டும் போதாது; சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பினால்தான் ஓட்டை அடைபடும்.

பாக்கியிருந்த சர்வரில்தான் ஆஸ்பத்திரியின் அத்தனை நோயாளிகளின் விவரமும் இருந்தது. அதைத் தொட மனமில்லாமல்தான் அவள் பத்தொன்பது நாளும் மொத்த வேலையையும் தள்ளிப்போட்டாள்.

நேற்று வேறொரு ஆஸ்பத்திரியில் இதே ஓட்டை வழியாக எவனோ நுழைந்துவிட்டான். அங்கே ஆபரேஷன் தியேட்டரையே மூடிவிட்டார்களாம்.

மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, எல்லாத்தையும் தட்டி எழுப்பிட்டே, அந்த ஒண்ணை மட்டும் தாலாட்டிட்டு இருக்கியா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்."

"அதுல ஒருத்தர் வேலை பாதியில நிக்குது சார். இதோ, முடிச்சிடறேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். உத்தரவைத் தட்டினாள்.

சர்வர் உடனே பணியவில்லை. உள்ளே இன்னும் ஒருவர் இருக்கிறார் என்றது. சர்வர் அறையிலிருந்தே நுழைந்தவர். கடைசியாக விசைப்பலகையைத் தொட்டு நானூற்றுப் பதின்மூன்று நாள்.

பக்கத்தில் பெயர்.

இறந்தவரின் கணக்கை முடக்கச் சொல்லி அன்று தாள் வந்தபோது முடக்கியது அவள்தான். முடக்கினால் புதிதாக யாரும் நுழைய முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியே அனுப்பாது. அது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு டீ குடித்துவிட்டு வந்து மிச்சத்தை முடிக்கிறேன் என்று அந்த சர்வர் முன்னாலிருந்து எழுந்த அவள் கணவர், மாடிப்படியைத் தாண்டவில்லை.

அவரை வெளியேற்றலாமா என்று திரை கேட்டது.

இரண்டாவது தடவையும் கேட்டது.

'ஆம்' என்று தட்டினாள்.