உள்தையல்

"நூல் உதிர்ந்த துவாலை தண்ணியை உறிஞ்சுமா, மாஸ்டர்?" டாக்டரம்மா கேட்டார்.

"உறிஞ்சாதும்மா. வழுக்கிட்டுப் போகும்" என்றார் தையற்காரர்.

"உங்க சிறுகுடலும் இப்ப அப்படித்தான். எச்.ஐ.வி. கிருமி ரத்தத்தோட நிக்கிறதில்ல. குடல் சுவர்ல காவலுக்கு நிக்கிற செல்களைத்தான் முதல்ல காலி பண்ணும். பூந்துவாலை இழை மாதிரி அங்க நிக்கிற குடலுறிஞ்சி எல்லாம் மழுங்கிடும். மலையளவு சாப்பிட்டாலும் சத்து உடம்புல ஒட்டாது."

"அப்ப என் கதை முடிஞ்சுதா?"

"யார் சொன்னா? மாத்திரையை ஒரு வேளைகூட விடாம போடுங்க, மெல்லத் தேறும். எண்ணெயைக் குறைச்சு, குழைய வேகவச்சு, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. அது கிடக்கட்டும், வீட்டம்மாவை எப்பக் கூட்டிட்டு வர்றீங்க? அவங்களுக்கும் ரத்தம் பார்க்கணும்."

தையற்காரர் தரையைப் பார்த்தார். "அவ கல்லு மாதிரி இருக்காம்மா. கல்யாணத்தன்னிக்கு என்ன அளவோ, இன்னிக்கும் அதே அளவு."

"கிருமிக்கு டேப் பிடிக்கத் தெரியாது, மாஸ்டர். இன்னிக்கே சொல்லிடுங்க."

எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்கு முன்னால் ஊர் ஊராகத் திரிந்த காலத்துப் பாவம். சொன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். அவளை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

கடைக்குத் திரும்பியதும் தன் நீலச் சட்டையை உள்பக்கம் திருப்பி மெஷினில் வைத்தார். உடம்பு இளைக்க இளைக்கச் சட்டையையும் பிடித்துத் தைத்துக்கொண்டே வருகிறார். தொளதொளவென்று தொங்கினால்தானே மனைவி கேள்வி கேட்பாள்? திருடனுக்குத் தையல் தெரிந்தால் இப்படித்தான்.

"ஏங்க, மெஷினை நிறுத்திட்டு முதல்ல சாப்பிடுங்க."

சாப்பாட்டுத் தூக்கோடு மனைவி வாசலில் நின்றாள். அவர் அவசரமாகச் சட்டையைத் துணிக் குவியலுக்குள் தள்ளினார்.

தூக்கைத் திறந்தால் குழைந்த சோறு, வெந்த காய். மருந்துக்குக்கூட எண்ணெய் இல்லை.

"ரெண்டு வருஷமா இதே ஆஸ்பத்திரிச் சாப்பாடு. எண்ணெய்க் கடைக்காரன் உன் மேல கேஸ் போடப் போறான்."

"போடட்டும். வயித்துக்கு நல்லது."

"நீ சாப்பிட்டியா?"

"காலையிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா கொறிச்சுட்டுத்தான் இருக்கேன்."

அவர் பாதிச் சோற்றில் கையை நிறுத்தினார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

மீதியைச் சொல்லாமல் மறுபடி சோற்றைப் பிசைந்தார். அவள் ஒரு பையை மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு ஒரு ரவிக்கைச் சட்டை தைக்கணும். துணியும் அளவுச் சட்டையும் இருக்கு."

"அளவு எதுக்கு? உன் அளவுதான் என் விரல்லயே இருக்கே."

அவள் சிரிக்கவில்லை. வாசல்வரை போய் நின்றாள்.

"உங்க சட்டையெல்லாம் யார் துவைக்கிறா? நான்தானே. உள்பக்கம் திருப்பித்தான் காயப் போடுறேன்."

தையற்காரர் துணிக் குவியலைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் வாயால சொல்ல வரல. துணியை வெட்டுறதுக்கு முன்னாடி என் சட்டையையும் திருப்பிப் பார்த்துடுங்க."

திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு அளவுச் சட்டையை எடுத்து உள்பக்கம் திருப்பினார். பக்கவாட்டில் தையலுக்குள் தையலாக நான்கு வரிசை, அத்தனையும் அவளுடைய கைத்தையல். கடைசி வரிசை, இப்போது மெஷினில் கோத்திருக்கும் அதே நீல நூல். முதல் வரிசை, இரண்டு வருடங்களுக்கு முன்னால் பள்ளிச் சீருடைக்காக வாங்கிய பச்சை நூல். அவர் உடம்பில் ஒரு சுற்றுக்கூடக் குறைந்திராத காலம் அது. வீட்டுச் சமையலில் எண்ணெய் நின்றுபோன காலமும் அதுதான்.